கைப்பிரேக்கின் பிடிவாதம்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் வண்டியை ஓடச் செய்வன பல. ஓட்டுவோன் இறங்கிப் போன பின்னரும் அதனை நின்ற இடத்தே நிறுத்திவைத்தற்கென்று தனியே அமைந்தது கைப்பிரேக்கு. நாள்தோறும் அதனை இழுக்கின்றோம், விடுக்கின்றோம். அதனுள்ளே நிகழ்வது யாதென்று எண்ணுவோர் அரியர். ஒருநாட் காலையில் அது பிடித்த பிடியை விடாது நிற்குமாயின், அன்றுதான் வீட்டார் அனைவரும் அதனைச் சூழ்ந்து நிற்பர். ஒருவர் வண்டியைத் தள்ளுவார். ஒருவர் எஞ்சினை உறுமச் செய்வார். மற்றொருவர் பட்டறைக்குத் தொலைபேசியிற் பேசுவார். இம்மூவர் செயலுக்கும் முந்திச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிடி விழுந்திருப்பது எவ்விடத்து என்று தெரிந்துகொள்ளுதலே அது. அதனைத் தமிழில் எழுதிவைத்தல் வேண்டுமென்னும் விருப்பத்தாலே இக்கட்டுரை வரைகின்றோம்.

இலக்கணமும் இலக்கியமும் பயில்வார்க்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். பிரேக்கு என்னும் பொருள் தமிழர்க்குப் புதிதன்று. திருநெல்வேலி வீதியிலே தேரோடும் நாளில், மலைபோல் உருண்டு வரும் அத்தேரைத் திருப்புதற்கும் நிறுத்துதற்கும் சக்கரத்தின் முன்னே மரக்கட்டையை இட்டுக் காக்கும் தொழிலாளரை நம்முட் பலர் கண்டிருக்கின்றனர். அவர்தம் கட்டையினின்றே பிறர் முயற்சியைத் தடுப்பாரை 'முட்டுக்கட்டை போடுகின்றார்' என்று கூறும் வழக்கு வந்தது போலும். ஆயினும் மோட்டார்ப் பட்டறையில் வழங்கும் சொற்கள் டிரம், ஷூ, லைனர், கேபிள் என்பனவே. ஷூவைச் செருப்பென்று மொழிபெயர்த்துப் பட்டறையிற் சென்று கூறினால், வேலையாள் முதலில் நம் காலைத்தான் நோக்குவான். ஆதலின் தொழிலாளர் வழக்கையே யாமும் கைக்கொள்வாம்.

இனி அதன் அமைப்பைக் காண்போம். ஓட்டுவோன் பக்கத்திலுள்ள கைப்பிடியின் அடியிலே, அரிவாள் போலப் பற்கள் வெட்டிய இரும்புத் தகடு ஒன்றுண்டு. கைப்பிடியை மேலே தூக்குந்தோறும் சிறு கொக்கியொன்று அப்பற்களின்மீது ஒவ்வொன்றாய் ஏறும். நாம் கேட்கும் 'கடகட' ஒலி அதுவே. நுனியிலுள்ள குமிழை அழுத்தினாற் கொக்கி பல்லை விட்டு நீங்கும். கைப்பிடியினின்று புறப்படும் எஃகுக் கம்பி வண்டியின் அடிப்புறமாகச் சென்று, இரு கிளையாய்ப் பிரிந்து, பின்சக்கரங்கள் இரண்டினையும் அடையும். நம் நாட்டுச் சிறு வண்டிகளிற் பெரும்பாலனவற்றிற்குப் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக்கே. டிரம் என்பது வார்ப்பிரும்பாற் செய்த வட்டக் கிண்ணம். சக்கரத்தோடு தானும் சுழல்வது. அதனுள்ளே பிறைவடிவான ஷூ இரண்டு சுழலாது நிற்கும். அவற்றின் புறத்தே ஒட்டப்பட்ட உராய்வுப் பொருளே லைனர். காலால் மிதிக்குங்கால் குழாயிலுள்ள பிரேக்கு எண்ணெயின் அழுத்தம் ஷூக்களை அகலத் தள்ளி டிரம்மின் உட்சுவரோடு பொருத்தும். கையால் இழுக்குங்கால் கம்பியானது உள்ளிருக்கும் நெம்புகோலை இழுத்து, அதே ஷூக்களை அகற்றும். விட்டபொழுது அவற்றை உள்ளே இழுத்துக்கொள்வன சுருள்வில்கள்.

பிரான்சு நாட்டு லூயி ரெனோ என்பார் 1902ஆம் ஆண்டில் டிரம் பிரேக்கைத் தம் வண்டியில் அமைத்தார் என்பர். அக்காலத்தே கால்பிரேக்கும் கைப்பிரேக்கும் கோல்களாலும் கம்பிகளாலுமே இயங்கின. 1921இல் அமெரிக்க நாட்டு டியூசன்பர்க் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயழுத்தப் பிரேக்கு வந்தது. பின்னர்ப் பிறரும் அதனை மேற்கொண்டனர். கைப்பிரேக்கு மட்டும் கம்பியை விடவில்லை. எண்ணெய் ஒழுகிக் கால்பிரேக்கு அற்றுப்போயினும் ஒரு பிடி எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே அதன் காரணம். இக்கம்பி மிதிவண்டிப் பிரேக்கிலும் நாம் காண்பதுதான். உறைக்குள்ளே எஃகுக் கம்பி வழுக்கிச் செல்லும் இவ்வமைப்புக்கு எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பார் 1896இல் இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெற்றார். இன்றும் அவர் பெயராலே பௌடன் கேபிள் எனப்படுகின்றது.

இக்கம்பியின் இயல்பொன்றை உணர்ந்தாற் கைப்பிரேக்கின் பிடிவாதத்திற் பாதி விளங்கிவிடும். கம்பி இழுக்கவல்லது, தள்ளவல்லதன்று. கைப்பிடியை இறக்கும்போது நாம் ஷூவை விடுவிப்பதாக எண்ணுகின்றோம். உண்மையில் நாம் செய்வது இழுப்பை நிறுத்துதல் ஒன்றே. கம்பியைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டியது சக்கரத்தண்டையுள்ள சுருள்வில். உறையின் முனையிலுள்ள ரப்பர் மூடி கிழிந்து, மழைநீரும் மண்ணும் உள்ளே புகுந்து, கம்பி துருவேறிப் பருத்துவிட்டதாயின், நம் கையின் வலிமையால் அஃது ஒருபக்கம் இழுபடும். சிறு வில்லின் வலிமையால் மறுபக்கம் மீளாது. கையோ வலியது, வில்லோ மெலியது. ஆகவே கைப்பிடி தரையோடு கிடக்கும். பிரேக்கு மட்டும் பிடித்தபடியே நிற்கும்.

பிடி விழும் இடங்கள் மூன்று: கைப்பிடி, கம்பி, டிரம். கைப்பிடியே இறங்காதாயின் குற்றம் பல்லிலும் கொக்கியிலும் உளது. வலியர் ஒருவர் தம் முழு வலிமையும் கூட்டி இழுத்துச் சென்ற வண்டியை, மெலியர் ஒருவர் விடுவிக்க முயன்று குமிழை அழுத்தமாட்டாது தவிப்பதைப் பல வீடுகளிற் காணலாம். கம்பியின் இழுப்பு முழுதும் கொக்கியைப் பல்லோடு நெருக்கி நிற்பதால் குமிழ் அசையாது. அதற்குச் செய்யத்தக்கது எளிது: காற்பிரேக்கை மிதித்துக்கொண்டு, கைப்பிடியை முன்னினும் ஒருசிறிது மேலே தூக்கி, அந்நிலையிற் குமிழை அழுத்தி, அழுத்தியவாறே இறக்குக. விடுவித்தற்பொருட்டு மேலும் இழுத்தல் வேண்டும் என்பது முரணாகத் தோன்றினும், பூட்டிய கதவின் தாழைத் திறப்பார் கதவைச் சற்றே தம்பால் இழுத்துக்கொள்ளுதல் போன்றதே இதுவும்.

கைப்பிடி இறங்கியும் வண்டி நகராதாயின் அதனை மீண்டும் மெல்லத் தூக்கிப் பார்க்க. முதற் பற்கள் சிலவற்றுக்கு எதிர்ப்பே இன்றித் துவண்டு ஏறுமாயின், கம்பி மீளாது நின்றுவிட்டதென்று ஐயுறலாம். வழக்கமான எதிர்ப்பு இருக்குமாயின், கம்பி தன் கடமையைச் செய்தது. ஷூவே டிரம்மை விடவில்லை என்று கொள்ளலாம். வண்டியைச் சற்றே தள்ளும்போது பின்சக்கரங்களையும் நோக்குதல் வேண்டும். இரண்டும் உருளாவிடின் இரண்டிற்கும் பொதுவான இடத்திலும், ஒன்று மட்டும் உருளாவிடின் அச்சக்கரத்துக்குரிய கம்பியிலோ டிரம்மிலோ குற்றம் இருத்தல் பெரும்பான்மை.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வெள்ளம் வடிந்தபின் தெருக்களில் நின்ற வண்டிகள் பல நகர மறுத்தன. எமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் வண்டியும் அவற்றுள் ஒன்று. சக்கரத்தின் பாதியளவு நீரில் மூன்று நாள் நின்றது, எஞ்சினுக்கு ஊறில்லை. அவர்தம் அன்னையார்க்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு நாள் ஒன்று முன்னரே தவறியிருந்தது. மறுநாளும் தவறலாகாது என்று மருத்துவர் கூறியிருந்தார். வாடகை வண்டி ஒன்றும் அத்தெருவுக்குள் வர இசையவில்லை. விடுதியினின்று யாம் நால்வர் சென்று தள்ளினோம். வலப்பக்கத்துச் சக்கரம் உருண்டது. இடப்பக்கத்துச் சக்கரம் உருளாது சேற்றிலே கோடு கிழித்தது. அண்டை வீட்டிலிருந்த முதியவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அக்கோட்டைக் கண்டவுடனே எம்மைத் தள்ளாதிருக்கச் சொன்னார். "அண்ணாச்சி, கைப்பிடிதான் கீழே இறங்கிவிட்டதே!" என்று எம்முள் ஒருவர் கூற, "தம்பி, கயிற்றைக் கொண்டு இழுக்கலாம், தள்ள முடியுமா?" என்று அவர் வினவினார். மேலே யாம் கம்பியைப் பற்றி எழுதியதெல்லாம் அவ்வொரு வினாவின் விரிவே.

அவ்வண்டியிற் கம்பி நன்றாகவே மீண்டிருந்தது; ஒட்டிக்கொண்டது ஷூ. டிரம்மின் உட்சுவர் மூடுபூச்சு இல்லாத வெறும் வார்ப்பிரும்பு. ஈரமும் காற்றும் கூடியவிடத்து இரும்பு துருவாகும். துரு, தான் பிறந்த இரும்பினும் மிக்க இடத்தை அடைத்துக்கொள்ளும். கைப்பிரேக்கை இழுத்து வைத்த வண்டியில் லைனரும் டிரம்மும் நெருங்கி நிற்றலின், அவ்விடைவெளியிற் பிறந்த துரு லைனரின் நுண்டுளைகளிலே புகுந்து இரண்டினையும் பசைபோற் பிணித்துவிடும். வெள்ளம் வேண்டுவதில்லை. மாலையில் வண்டியைக் கழுவி, உடனே கைப்பிரேக்கை இழுத்து, சில வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் போதும். கடற்கரையூர்களில் உப்புக்காற்று இவ்வேலையை விரைந்து முடிக்கும். பனிநாடுகளில் துருவுக்குப் பதிலாக உறைந்த நீரே பிணிப்பதும் உண்டு. மற்றொரு காரணமும் கூறுவாம்: நெடுந்தூரம் மலையிறங்கி வந்த வண்டியின் டிரம் வெப்பத்தால் விரிந்திருக்கும், அப்பொழுதே கைப்பிரேக்கை வலிந்து இழுத்து நிறுத்தின், ஆறுங்காற் டிரம் சுருங்கி ஷூக்களை முன்னினும் இறுகப் பற்றும்.

இவ்வாறு ஒட்டிய ஷூவைப் பிரித்தற்கு முதல் வழி, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தல். சமதரையில், முன்னே ஆளும் சுவரும் இல்லாதவிடத்து, கைப்பிடியை இறக்கிவிட்டு, பின்செல்லும் கியரிலே மெல்லக் கிளச்சை விடுக. வண்டியின் பின்புறம் தாழ்ந்தோ எழுந்தோ நிற்கக் கண்டவுடன் கிளச்சை மிதித்துவிடுக. பின்பு முதற் கியரில் அங்ஙனமே செய்க. இங்ஙனம் மாறிமாறிச் செய்தலிற் பொருளுண்டு. ஷூ இரண்டனுள் ஒன்று, டிரம் ஒரு திசையிற் சுழல முயலுங்கால் அச்சுழற்சியாலேயே மேலும் உள்நெருங்கிப் பிடிக்கும். மற்றொன்று தள்ளுண்டு விலக முயலும். திசை மாறின் இவற்றின் தொழிலும் மாறும். ஆதலின் ஒரே திசையில் எஞ்சினை உறுமச் செய்பவர் ஒரு ஷூவை விடுவிக்க முயன்று மற்றதனை இறுக்குகின்றார். பிணிப்பு அறும்போது 'டம்' என்று பேரொலி எழும். அறியாதவர் ஏதோ முறிந்ததென்று அஞ்சுவர். நாலைந்து முறை அசைத்தும் விடாதாயின் நிறுத்திவிடுதல் வேண்டும். கிளச்சைத் தீய்த்துப் பிரேக்கை விடுவிப்பது, ஒரு செலவை மிச்சம் பிடித்து இரு செலவை ஏற்பதாகும்.

இரண்டாம் வழிக்குச் சக்கரத்தைத் தூக்குதல் வேண்டும். இவ்விடத்து விரிவாகவே எழுதுவாம். உயிர்ச்சேதம் நிகழ்வது இங்கேதான். கைப்பிரேக்குப் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். பின்புறத்தை ஜாக்கியால் தூக்கியபின் தரையில் நிற்பன முன்சக்கரங்கள். அவற்றைக் கைப்பிரேக்கு ஒருகாலும் பிடித்ததில்லை. முன்சக்கரத்தால் ஓடும் வண்டியாயின் கியரில் நிறுத்துதல் ஓரளவு துணையாம். பின்சக்கரத்தால் ஓடும் வண்டியாயின் அத்துணையும் இல்லை. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய மாத்திரத்தே, அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி தூக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டு மற்றதனை உருள இடங்கொடுக்கும். போதாக்குறைக்கு, நாம் தட்டி விடுவிக்க முயல்வதே அவ்வண்டியை நிறுத்திவைத்திருந்த பிடியை! பிடி விட்ட கணத்தே வண்டி உருண்டு ஜாக்கியினின்று சரியும். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டிற்கும் முன்னும் பின்னும் செங்கல்லோ மரக்கட்டையோ இட்டு முட்டுக் கொடுத்தபின்னரே ஜாக்கியைத் தொடுதல் வேண்டும். தூக்கியபின் இரும்புத் தாங்கியை அடியில் நிறுத்துதல் வேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியில் உடலை நுழைத்தல் எந்நாளும் ஆகாது. அந்த முதியவர் எம்மை முதலில் ஏவியது நான்கு செங்கல் கொணரும்படியே. தேர்க்கட்டைத் தொழிலாளர் அறிந்ததை மோட்டார் ஓட்டுவோர் மறந்துவிடுதல் வியப்பே.

சக்கரத்தைக் கழற்றியபின் டிரம்மின் முகத்திலே, போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தட்டையான பகுதியில், மரக்கட்டையொன்றை வைத்து அதன்மேற் சுத்தியலால் அடிக்க. டிரம்மைச் சுற்றித் திருப்பித் திருப்பி இடம் மாற்றி அடிக்க இயலாதாகையால், நம் கையே சுற்றிவருதல் வேண்டும். ஓரத்தில் அடித்தல் தகாது. வார்ப்பிரும்பு எஃகைப்போல் வளைவதன்று, உடைவது. அதிர்ச்சியாலேயே துரு பெரும்பாலும் பிளந்துவிடும். அன்று பத்துப் பன்னிரண்டு அடியில் இடச்சக்கரம் விட்டது. ஆசிரியரின் அன்னையார் அப்பிற்பகலே மருத்துவமனை சேர்ந்தார்.

விடாதாயின் டிரம்மைக் கழற்றுதல் வேண்டும். பல வண்டிகளில் டிரம்மின் முகத்திலே மரையிட்ட துளை இரண்டு இருக்கும். அவை எதற்கென்று அறியாதார் பலர். அவற்றில் அளவொத்த போல்ட் இரண்டை மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால், டிரம் தானே முன்னோக்கி வெளிவரும். நெடுங்காலம் தேய்ந்த டிரம்மின் விளிம்பிலே வரப்புப்போல ஒரு மேடு நின்று ஷூவைத் தடுப்பதுண்டு. அப்பொழுது பின்தகட்டின் சிறு துளைவழியே திருப்புளியை விட்டு ஷூவின் இடைவெளியைத் திருத்தும் பற்சக்கரத்தைத் தளர்த்துதல் வேண்டும். உள்ளே காணும் தூளை வாயால் ஊதுதலும் காற்றுக்குழாயால் அடித்தலும் கூடா. பழைய லைனர்களிற் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலிற் புகின் பல்லாண்டு கழித்தும் கொடுநோய் விளைக்கும். நனைத்த துணியால் ஒற்றியெடுத்தலே தக்கது. ஒட்டிய ஷூவுக்கு எண்ணெய் விடுவோரும் உளர். துரு இளகும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் குடித்த லைனர் பின்பு ஒருநாளும் செவ்வையாய்ப் பிடியாது. எண்ணெய்க்குரிய இடம் கம்பியே, லைனர் அன்று.

பிடி முற்றும் விடாது, அரைகுறையாய்ப் பற்றிய நிலையிலே வண்டியை ஓட்டிச் செல்வோரும் உண்டு. 'சற்றுக் கனமாய் ஓடுகிறது, போகப்போகச் சரியாகும்' என்பர். அஃது அவ்வாறு ஆவதில்லை. உராய்வு வெப்பமாகும், அவ்வெப்பம் ஷூவைத் தள்ளும் உருளையிலுள்ள பிரேக்கு எண்ணெயைச் சுடும். டாட் 3 என்னும் வகை எண்ணெய் புதிதாயிருக்கும்போது 205 டிகிரி வெப்பம் வரை கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி; டாட் 4 என்பதற்கு 230 டிகிரி. ஆனால் இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரமேறியபின் அவ்வளவுகள் முறையே 140, 155 டிகிரியாகத் தாழும். எண்ணெய் கொதித்து ஆவியாயின் குழாயில் ஆவிக்குமிழி நிற்கும். எண்ணெய் அழுத்தத்தை ஏந்திச் செல்லும். ஆவியோ சுருங்கி ஒடுங்கும். அப்பொழுது காற்பிரேக்கை மிதித்தாற் கால் தரைமட்டும் சென்றுவிடும்; வண்டி நில்லாது. விடாது பற்றிய கைப்பிரேக்கே வண்டியைப் பிரேக்கில்லாததாக ஆக்குவது இவ்வாறு. எரிநாற்றமும் ஒரு சக்கரத்தினின்று புகையும் தோன்றின், ஓரமாய் நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றின் அது விரிசல் காணவும் கூடும்.

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கு உடைய வண்டிகளைப் பற்றியும், விசையை அழுத்தினால் மோட்டார் இழுக்கும் மின் கைப்பிரேக்கைப் பற்றியும் சிறிது கூறி அமைவாம். டிஸ்க் பிரேக்கு ஆறும்போது டிரம்மைப்போல் இறுகாது, தளரவே செய்யும். ஆகவே சூடான வண்டியைச் சரிவில் நிறுத்துவோர் கியரிலும் நிறுத்துதல் நலம். மின்சார வகை 2001ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. பெருவண்டியிற் புகுந்து இப்பொழுது பரவிவருகின்றது. அதனிடம் சுத்தியலுக்கு வேலையில்லை. பாட்டரி வலுவிழந்தாலே அது விடாது நிற்கும். முதலிற் பாட்டரியைப் பார்த்து, பின்பு அவ்வண்டிக்குரிய கையேடு கூறும் முறையைப் பின்பற்றுதலே வழி.

சில நாளுக்குமேல் வண்டியை நிறுத்திவைப்போர், சமதரையாயின், கைப்பிரேக்கை இழாது, முதற் கியரிலிட்டுச் சக்கரத்துக்குக் கல்முட்டுக் கொடுத்தல் நலம். கழுவியபின்னும் நீரில் ஓட்டியபின்னும் சிறிது தூரம் ஓட்டி, மெல்லப் பலமுறை பிரேக்கை மிதித்து ஈரத்தை உலர்த்தியபின் நிறுத்துக. இதனை அஞ்சிக் கைப்பிரேக்கையே தொடாது விடுவாரும் உளர்; அதுவும் ஆகாது. அசையாத கம்பியே விரைவில் துருப்பிடிக்கும். மேலும் சில பட்டறைகளில், லைனர் தேய்ந்து கைப்பிரேக்குத் தளர்ந்தவிடத்து, டிரம்மைத் திறந்து பாராமலே கைப்பிடியின் அடியிலுள்ள மரையை இறுக்கி அனுப்பிவிடுகின்றனர். அக்கம்பி எப்பொழுதும் ஒரு சிறிது இழுபட்டே நிற்கும். முதலில் ஷூவின் இடைவெளியைத் திருத்தி, அதன்பின்னரே கம்பியைத் திருத்துவது முறை.

பிடி விட்ட வண்டியை அன்றே நெடுந்தூரம் கொண்டுசெல்லாது, இரண்டு மூன்று கிலோமீட்டர் மெல்ல ஓட்டி நிறுத்தி, இறங்கிச் சென்று, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பார்க்க. பின்சக்கரம் இரண்டனுள் ஒன்று மற்றதனினும் மிகச் சுடுமாயின், பிடி இன்னும் முற்றும் விடவில்லை. அவ்வண்டி அன்றே பட்டறைக்குச் செல்லவேண்டியது.